சிரிக்கச் சொன்ன கண்ணாடி

போன வாரம் அப்பா கையை ஓங்கிய இடத்தில் விட்டிருந்தோம். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றுவிடவில்லை. அடி விழுந்தது. தோளுக்கு மேல் வளர்ந்த மகனின் கன்னத்தில், சத்தத்தோடு.

படிக்கிறவர்களில் பாதிப் பேர் அப்பா பக்கம்தான் நிற்பீர்கள். துறைமுகத்தில் அவரோடு சேர்ந்து ஆயுசு முழுக்கக் கிரேன் ஓட்டிய சிநேகிதர் இறந்துபோய், அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர் அவர். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று, "போயிட்டான்டா, ஒரு வார்த்தை சொல்லிக்காம போயிட்டான்" என்று உடைந்த குரலில் சொன்னார். அதைக் கேட்டு மகன் சிரித்தான். புன்முறுவல் இல்லை. பல் அத்தனையும் தெரிய, வாய் காது வரைக்கும் போகிற சிரிப்பு.

மூத்த மகள் பெரியவளும் அங்கேதான் இருந்தாள். அப்பாவின் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. தம்பியின் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா போனபோது சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்து அழுதவன் இவன்தானா? கூடப் பிறந்தவனைப் பார்த்து அருவருப்பு வந்தது, அருவருப்பு வந்ததே என்று வெட்கமும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

விடிந்ததும் வீட்டில் காணாமல் போயிருந்தது கண்ணாடி.

"சவரம் பண்ற கண்ணாடிய எங்கம்மா?" அப்பா முகமெல்லாம் சோப்பு நுரையோடு கூடத்துக்கு வந்தார்.

குளியலறை ஆணியில் இல்லை. பெரியவள் தன் அறைக்குப் போனாள். அவளுடைய அலமாரிக் கண்ணாடியின்மேல் போர்வை தொங்கியது. வாசலில் தலை சீவிக்கொள்ள மாட்டியிருந்த சின்னக் கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"உன் தம்பி, அந்தப் பெரிய துரை வேலையாத்தான் இருக்கும்," என்றார் அப்பா. நுரை காய்ந்து தாடையில் இழுத்தது. "சம்பளத்தோட ஏசியில உக்காந்து போன்ல பேசற வேலை. அதுக்கு ஒரு மண்டையிடி, ஒரு லீவு, ஒரு கதவடைப்பு. நான் அந்தரத்துல ஒரு கூண்டுக்குள்ள உக்காந்து இரும்பு தூக்கினவன். எனக்கு வராத மனசு இவனுக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு?"

"காத்து அடிச்சா என்னப்பா பண்ணுவீங்க?" பெரியவள் பேச்சை மாற்றத்தான் கேட்டாள்.

"அளவு தாண்டினா சங்கு ஊதும். இறங்கிடுவோம். கப்பல்காரன் கீழ நின்னு காட்டுக் கத்தல் கத்துவான். கத்தட்டும்னு இறங்கிடுவோம். அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. முகத்தைக் கழுவுங்க."

தம்பியின் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. ஆனால் உள்ளே கதவோடு சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தான். மூச்சு கேட்டது.

"டேய், கண்ணாடிய எல்லாம் ஏன்டா மூடின?"



"அதுல அவன் இருக்கான்க்கா."

"எவன்?"

"சிரிக்கிறவன்."

அதற்கு மேல் நின்றால் ஆபீசுக்கு நேரமாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு அவள் கிளம்பினாள். உண்மையில் பயந்துதான் கிளம்பினாள்.

இடையில் சேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கா தம்பி இரண்டு பேருக்கும் ஒரே காப்பீட்டுக் கம்பெனியில்தான் வேலை. அவள் மாடியில், ஆட்களைச் சேர்ப்பதும் லீவு எழுதுவதுமான மனிதவளப் பிரிவில். அவன் கீழ்த்தளத்தில், போன் பிரிவில். அதிலும் ஒரு மூலையில், இறந்துபோனவர்களின் குடும்பங்கள் காப்பீட்டுத் தொகைக்காகக் கூப்பிடும் வரிசையில். சில வாரங்களுக்கு முன் ஒரு மத்தியானம், பேசிக்கொண்டிருந்த போனைப் பாதியில் கழற்றி வைத்துவிட்டு அவன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். யார் கூப்பிட்டும் வரவில்லை. மாடியிலிருந்து இவளை வரவழைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். அன்றிலிருந்து வீடு.

அந்த லீவுக்கு இன்றைக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வருகிறார். அவனுக்கு வந்தது வேலையால் வந்த வியாதி என்று அவர் ஒப்புக்கொண்டால் வைத்தியம் கம்பெனி பொறுப்பு, வேலையும் இருக்கும். இல்லையென்றால் சொல்லாமல் வேலைக்கு நின்றவன் என்று எழுதிப் பெயரை அடித்துவிடுவார்கள். அதுவும் இன்றைக்கென்று பார்த்துக் கம்பெனியில் மனநல தினம்.

வாசல் முழுக்க மஞ்சள் பலூன். ஒவ்வொன்றிலும் இரண்டு கண்ணும் ஒரு வாயும். உள்ளே நுழைகிறவர்கள்மேல் ஏதோ பூ வாசனைத் திரவத்தைப் பீய்ச்சினாள் ஒரு பெண். இருமிக்கொண்டே போனால் இன்னொருத்தி சட்டையில் வில்லை குத்தினாள். வில்லையில் 'நான் நலம்' என்று எழுதியிருந்தது. எல்லோருக்கும் முன்கூட்டியே அச்சடித்தாகிவிட்டது. நலம் இல்லாதவர்களுக்கு என்று தனி வில்லை கிடையாது.

கிளை மேலாளர் தாமே பலூன் கட்டிக்கொண்டிருந்தார். எந்நேரமும் பல் தெரியப் பேசுவதால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் பல்பொடி. எதிரில் 'சார்', முதுகுக்குப் பின்னால் பல்பொடி.

"வாங்க மேடம், வாங்க! உங்க தம்பிய கூட்டிட்டு வரலையா? மேடைல ஒரு ரெண்டு வார்த்தை பேசினா எவ்வளவு நல்லா இருக்கும்! 'விழுந்தேன், கம்பெனி தூக்கி விட்டது'ன்னு."

"அவன் கதவே திறக்கல சார். நேத்து வேற..."

சொல்லியிருக்கக் கூடாது. ராத்திரி முழுக்க மனசுக்குள் கிடந்து அழுத்தியதால் வாயில் வந்துவிட்டது. சாவுச் செய்தி கேட்டுத் தம்பி சிரித்தது, அப்பா அடித்தது, கண்ணாடி மூடியது, எல்லாவற்றையும் பல்பொடியிடம் கொட்டிவிட்டாள்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை அவள் பார்த்தாள். பலூனைக் கீழே விட்டுவிட்டு அவளைத் தனியாக அழைத்துப் போனார்.

"பாருங்க மேடம், நான் சொல்லல? இது ஆபீஸ் விஷயமே இல்ல. அப்பா அழறப்போ சிரிக்கிறான்னா அது பொறப்புலயே இருக்கிற கோளாறு. உங்க அம்மா வழியிலயோ அப்பா வழியிலயோ யாருக்காவது இருந்திருக்கும். மத்தியானம் அந்தம்மா கேட்டா நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும். 'இது வீட்டுப் பிரச்சினை'ன்னு."

"சொன்னா அவன் வேலை?"

"வேலை கிடக்குது மேடம், உடம்பு முக்கியம் இல்லையா? நல்லபடியா அனுப்பி வைப்போம். உங்க பதவி உயர்வும் நிலுவையில இருக்கு. நீங்களும் இந்தக் குடும்பத்துல ஒருத்தர்தானே?"

'இந்தக் குடும்பம்' என்றபோது அவருடைய பல்லிடுக்கில் காலையில் தின்ற எதுவோ பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அந்த ஆள் சொன்னது அவள் மனசில் ஒரு ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தச் சிரிப்பை அவளும்தானே பார்த்தாள்? நல்ல மனசுள்ள எவன் அப்படிச் சிரிப்பான்?

கேக் வெட்டினார்கள். கேக்கும் மஞ்சள் முகம்தான். பல்பொடி முதலில் கத்தியை இறக்கியது வாயில். ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்தார்கள், மன அழுத்தம் வந்தால் பிசைய வேண்டுமாம். பந்துக்கும் முகம். பிசைந்தால் கண் பிதுங்கியது, சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. புது ரப்பரின் பிசுக்கு கையில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை.

"போன் பிரிவுக்காரங்க எழுந்து வர முடியாது மேடம், லைன் நிக்காது. அவங்களுக்கு நீங்க கொண்டு போய்க் கொடுத்துடுங்க," என்றார் பல்பொடி.

மனநல தினத்திலும் லைன் நிற்காது. தட்டுகளை அடுக்கிக்கொண்டு அவள் கீழே இறங்கினாள்.

இத்தனை வருஷம் அந்தத் தளத்துக்கு ஆட்களை அனுப்பியவள் அவள்தான். ஆனால் அவர்கள் பேசும் நேரத்தில் உள்ளே போனதில்லை. தம்பியை வெளியே எடுத்த அன்றுகூட லைனை நிறுத்தி, விளக்கைக் குறைத்து வைத்திருந்தார்கள். இன்றைக்குத்தான் அந்த இடம் வேலை செய்வதைப் பார்த்தாள்.

கூரையிலிருந்து ஒலிபெருக்கி தேனாகக் குழைந்தது. 'கண்களை மூடுங்கள். மூச்சை மெல்ல இழுங்கள்.' யாரும் மூடவில்லை. எல்லோர் மேசையிலும் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஒரு போன் முடிந்தால் அடுத்தது தானாக வந்து காதில் விழும். நடுவில் எச்சில் விழுங்க நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

தம்பியின் மேசை காலியாக இருந்தது. அதன்மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி, கால் வைத்து நிறுத்தியது. சட்டத்தில் ஒரு வாசகம்: 'உங்கள் புன்னகை அவர்களுக்குக் கேட்கும்.'

எல்லா மேசையிலும் அதே கண்ணாடி. சிரித்துக்கொண்டே பேசினால் குரல் இனிமையாக இருக்குமாம். முகம் சிரிக்கிறதா என்று பேசுகிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடைபோடும் மேற்பார்வையாளரும் அதே கண்ணாடியில் பார்ப்பார். சிரிப்பு குறைந்தால் மதிப்பெண் குறையும். அவள் கையெழுத்திட்ட ஏதோ சுற்றறிக்கையில் 'முகமலர்ச்சி உபகரணம்' என்று படித்த ஞாபகம் வந்தது. ஏதோ விளக்கு என்று நினைத்திருந்தாள். சாவு கேட்கிற மேசையிலும் இதை வைத்திருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்து மேசைப் பெண் போனில் இருந்தாள். தோள்வரை தொங்கும் காதணி போடுவதால் எல்லோருக்கும் அவள் கம்மல்தான்.

"சொல்லுங்க சார்... உங்க மனைவியா சார்... எப்போ சார்... ரொம்ப வருந்தறோம் சார்..."

கம்மல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். வாய் அகலத் திறந்து, மேல் வரிசைப் பல் முழுக்கத் தெரிந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் நீர் இறங்கி அந்தச் சிரிப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

பெரியவள் தட்டுகளைக் கீழே வைத்தாள். நேற்றுக் கூடத்தில் பார்த்த அதே வாய். பல்லின் எண்ணிக்கைகூட மாறவில்லை.

போன் முடிந்தது. கம்மல் ஒரு பொத்தானை அழுத்தினாள். "ஒண்ணுக்குப் போறேன்னு போட்டிருக்கேன் மேடம். அதுக்கு மட்டும் கொஞ்ச நேரம் தருவாங்க. சீக்கிரம் சொல்லுங்க. உங்க தம்பி எப்படி இருக்கான்?"

"நேத்து அப்பா ஒரு சாவு சொன்னார். அவன் சிரிச்சான்."

கம்மல் ஆச்சரியப்படவே இல்லை. "வரும் மேடம். எனக்கும் வந்துச்சு. என் மாமியார் செத்து வீட்ல கிடத்தியிருக்கு. ஒவ்வொருத்தரா வந்து என் கையப் பிடிச்சு 'போயிட்டாங்களேம்மா'ன்னு சொல்லச் சொல்ல எனக்கு வாய் தானா விரியுது. கைக்குட்டையை வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டேன். ஊரே என்னை எவ்வளவு பாசமான மருமகள்னு பேசுச்சு. என் வீட்டுக்காரர் இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவார். எனக்குக் குமட்டும்."

"இதை ஏன் மேல வந்து சொல்லல?"

"உங்க ஆபீஸ்லயா?" கம்மல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமில்லை, அதிசயம்தான். "சொன்னா என்ன கொடுப்பீங்க மேடம்? ரப்பர் பந்தா?"

பெரியவள் அவள் பக்கம் குனிந்தாள். அன்றைக்குத் தம்பி மேசைக்கு அடியில் போனானே, அப்போது என்ன நடந்தது என்று கேட்டாள்.

"அவன் சொல்லலையா? ஒரு அம்மா. சின்னப் பிள்ளை, பள்ளிக்கூடம் போற வயசு. தண்ணியில போயிடுச்சு. அவங்க பிள்ளையோட பேரைச் சொல்றாங்க, பிறந்த தேதி சொல்றாங்க. இவன் நல்லாத்தான் பேசறான். மேற்பார்வை பின்னால வந்து, இன்னும் கொஞ்சம் சிரின்னு தோளைத் தட்டிட்டுப் போறார். திடீர்னு அந்தம்மா பேச்சை நிறுத்திட்டு ஒண்ணு கேட்டாங்க. இவன் ஹெட்போன்ல சத்தத்தைக் கூட்டி வச்சிருந்ததால எனக்கும் விழுந்துச்சு." கம்மல் குரலைத் தாழ்த்தினாள். "'தம்பி, நீங்க சிரிக்கிறீங்களா?'ன்னு."

பொத்தானின் நேரம் முடிந்து சிவப்பு விளக்கு மின்னியது. கம்மல் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். வாய் விரிந்தது. "வணக்கம், சொல்லுங்க."

பெரியவள் அங்கிருந்து நேராகக் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். கேக் அவள் சாப்பிடவே இல்லை. வெறும் புளித்த தண்ணீராக வந்தது. அந்த மஞ்சள் பலூனை, அந்த வில்லையை, அந்த வாசனைத் திரவத்தை, இத்தனை நாள் இந்தக் கட்டடத்தில் தான் வாங்கித் தின்ற சோற்றை, எல்லாவற்றையும் சேர்த்து வெளியே தள்ளுவதுபோல இருந்தது. தம்பியிடம் வந்த அருவருப்பை இத்தனை நேரம் தவறான விலாசத்தில் வைத்திருந்தது புரிந்தது. முகம் கழுவி நிமிர்ந்தபோது சட்டையில் இன்னும் 'நான் நலம்' இருந்தது. கழற்றிக் குப்பையில் போட்டாள். திரும்பிப் போய்த் தம்பியின் மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

தலைமை அலுவலக அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. பக்கத்தில் பல்பொடி, எதிரில் கேக்கின் மிச்சம். ஒரு கண் மட்டும் மீந்திருந்தது.

"இவங்கதான் அந்தப் பையனோட அக்கா. நம்ம மனிதவளப் பிரிவுதான். அவங்களே சொல்வாங்க மேடம்," என்று பல்பொடி எடுத்துக் கொடுத்தார். "சொல்லுங்க, இது எதனால?"

பெரியவள் கண்ணாடியை மேசைமேல் வைத்தாள். "இதனால."

தலைமை அலுவலக அம்மா அதை எடுத்து வாசகத்தைப் படித்தார். "இது யார் யோசனை?"

"என்னோடதுதான் மேடம்," பல்பொடிக்குப் பெருமை பிடிபடவில்லை. "வச்சதுலருந்து வாடிக்கையாளர் திருப்தி ஏறிக்கிட்டே இருக்கு."

"இறப்புப் பிரிவுலயுமா?"

"எல்லாப் பிரிவுக்கும் ஒரே மாதிரிதான் மேடம். பாகுபாடே கிடையாது."

பெரியவள் கண்ணாடியை வாங்கி அவர் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தாள். தன் குரல் இவ்வளவு நிதானமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"சார், உங்க அப்பா தவறி ரெண்டு வருஷம் இருக்குமில்ல? அவர் எப்படிப் போனார்னு மேடத்துக்குச் சொல்லுங்க. இதைப் பார்த்துக்கிட்டே. சிரிச்சுக்கிட்டே."

"என்ன மேடம் இது, விளையாட்டா?"

"ஒரு தடவைதான் சார். அங்க ஒவ்வொருத்தரும் நாள் முழுக்கப் பண்றாங்க."

பல்பொடி தலைமை அலுவலகத்தைப் பார்த்தார். அந்த அம்மா தடுக்கவில்லை. வேறு யாராயிருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள், கத்தியிருப்பார்கள். பல்பொடி அப்படிப்பட்டவர் இல்லை. மேலிடத்துக்கு முன்னால் முடியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. கண்ணாடியைப் பார்த்தார். வாயை விரித்தார்.

"அப்பா... ஆஸ்பத்திரியில இருந்தார். காலையில கஞ்சி கொடுத்தேன். ஒரு வாய் குடிச்சார். ரெண்டாவது வாய்க்கு..." பல் அத்தனையும் வெளியே இருந்தது. இடுக்கில் அந்தப் பச்சையும் இருந்தது. "ரெண்டாவது வாய்க்கு வாயைத் திறக்கல. நான் ஸ்பூனைப் பிடிச்சுக்கிட்டே..."

"போதும்!" தலைமை அலுவலக அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்றமடிக்கும் எதையோ தள்ளுவதுபோலக் கேக் தட்டைத் தள்ளினார்.

பல்பொடி நிறுத்திவிட்டார். வாய் மட்டும் உடனே மூடவில்லை. தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு கணம், ஒரே கணம், பெரியவளுக்கு அவர்மேல்கூட இரக்கம் வந்தது. அடுத்த கணம் போய்விட்டது.

"மேடம், நம்ம சர்வர் ரூமுக்கு ஒரு ஆள் போட்டிருக்கோம்," என்றாள். "அவருக்கு வேலையே அது சூடாகுதான்னு பார்க்கிறதுதான். கொஞ்சம் ஏறினா ஓடி வருவார், பாதிய அணைச்சு வைப்பார். யாரும் அந்த மெஷினோட அம்மா வழியில கோளாறான்னு கேக்கறதில்ல. கீழ உக்காந்திருக்கிறவங்களுக்கு ஒரு சாவு கேட்டதும் எழுந்து போய்த் தண்ணி குடிக்க நேரமில்ல. மனசு விட்டுப் பேச ஒரு வைத்தியர் இல்ல. வேற மேசைக்கு மாத்தற வழக்கமும் இல்ல. அந்த மூலைக்கு நான் எத்தனை பேரைச் சேர்த்துவிட்டிருக்கேன், எல்லாரும் எங்க போனாங்கன்னு நான் ஒரு நாளும் கேக்கல. வேலைக்கு வெச்சது நாம. ஆளைக் கெடுத்ததும் நாம. கெட்ட பிறகு மட்டும் அது வீட்டுப் பிரச்சினையா?"

தலைமை அலுவலக அம்மா பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

"நான் மேல பேசிட்டுச் சொல்றேன்," என்றார். "நீங்க இப்போ வீட்டுக்குப் போங்க. கூப்பிடறேன்."

நல்லதற்கா, கெட்டதற்கா? அந்தக் குரலில் ஒன்றும் தெரியவில்லை. பெரியவள் கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாசலில் காற்றுப் போன பலூன்கள் சுருங்கிக் கிடந்தன. அவற்றின் சிரிப்பும் சுருங்கி, கிழட்டுத்தனமாக இருந்தது. சுற்றிப் போகாமல் மிதித்துக்கொண்டே போனாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அப்பா பாதி சவரத்தோடு கூடத்தில் இருந்தார். கண்ணாடி இல்லாமல் தடவித் தடவிச் சவரம் பண்ணியதில் ஒரு பக்கம் மழமழவென்றும் மறுபக்கம் பயிராகவும் இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடியை எடுத்துக் காட்டினாள். அந்தத் தாய் கேட்ட கேள்வியையும் சொன்னாள்.

அப்பா கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார், அடித்த கையை. "ஏம்மா," என்றார், "அங்க இவனுக்குச் சங்கு ஊத ஒரு ஆள் இல்லையா?"

"இல்லப்பா."

"நானும்தான் ஊதல," என்று எழுந்தார்.

தம்பியின் கதவுக்கு முன்னால் தரையில் சிரமப்பட்டு உட்கார்ந்தார். முட்டி மடங்காத மனிதர். தட்டவில்லை. கதவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"டேய் சின்னவனே. நேத்து நான் முழுசாச் சொல்லல. அவன் எப்படிப் போனான்னு இப்போ சொல்றேன். நீ கேளு. உனக்குச் சிரிப்பு வந்தா வரட்டும். அது உன் சிரிப்பு இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

 அப்பா சொல்ல ஆரம்பித்தார். சிநேகிதர் மூச்சுக்குத் திணறியது, இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு 'கூண்டுல ஃபேன் போடுடா' என்று ஏதோ பழைய நினைப்பில் சொன்னது, அப்புறம் பிடி தளர்ந்தது. பாதியில் கதவு திறந்தது. தம்பி நின்றான். கன்னத்தில் நேற்றைய தடம் இன்னும் கன்றியிருந்தது. வாய் விரியத் தொடங்கியது. இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டான்.

அப்பா அவன் முழங்கையை எட்டிப் பிடித்து அந்தக் கைகளை இறக்கினார். "விடுடா. நான் பார்த்துக்கறேன். அப்புறம் நர்ஸ் வந்தாங்களா..." என்று கதையைத் தொடர்ந்தார். விரிந்த வாயோடு தம்பி அவர் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தான். நர்ஸ் போர்வையை இழுத்து மூடிய இடம் வந்தபோது அந்த வாய் கோணியது, நடுங்கியது. பிறகு சிறு பிள்ளைபோல ஓவென்று அழுதான். அம்மா போனபோது அழுத அதே அழுகை. கேட்கச் சகிக்காத அந்தச் சத்தத்தைப் பெரியவள் சுவரில் சாய்ந்து நின்று ஆசை தீரக் கேட்டாள்.

அலமாரிக் கண்ணாடியின் போர்வையை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தாள். கம்மல் நின்றாள். அவளுக்குப் பின்னால் மாடிப்படி நெடுக அந்த மூலை வரிசைக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். வேலை நேரம் இன்னும் முடியவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. ஆளுக்கொரு கண்ணாடி கையில் இருந்தது.

"எழுந்து வந்துட்டோம் மேடம்," என்றாள் கம்மல். "லைன் அடிச்சுக்கிட்டே இருக்கு. உங்களைப் பத்தி ஒரு செய்தி சொல்லணும்."

"என்ன செய்தி?"

கம்மல் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பல் அத்தனையும் தெரிந்தது. பின்னால் நின்றவர்கள் முகத்திலும் அதே சிரிப்பு. அது சந்தோஷத்தில் வந்த சிரிப்பா, கெட்ட செய்தி சொல்லும்போது தானாக வருகிற சிரிப்பா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை.